மகளின் சிறுநீரும் என் ஷிப்ட் கணக்கும்

சிறுநீரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். முகம் சுளிப்பவர்கள் இப்போதே பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகலாம், எனக்கு வருத்தமில்லை. இரண்டு வருடங்களுக்கு முன்னால் யாராவது என் எதிரில் உட்கார்ந்து இந்தப் பேச்சை எடுத்திருந்தால் நானும் எழுந்து போயிருப்பேன். இப்போதோ, காலையில் என் மகள் தாரணி கழிப்பறையிலிருந்து வெளியே வரும்வரை நடையில் நின்று, "நுரை இருந்துச்சாடா?" என்று கேட்கும் ஆளாகிவிட்டேன். அவளுக்குப் பதின்மூன்று வயது. "அப்பா, ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டு நேராக அறைக்குள் போய்விடுவாள்.

இன்று பள்ளிக்குப் போயிருக்கிறாள். அதனால்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது. முழுக்கச் சரியாகிவிட்டதா என்று கேட்டால் தெரியாது. டாக்டரிடம் கேட்டாலும், "இப்போதைக்கு அமைதியா இருக்கு சார்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அந்த 'இப்போதைக்கு' எத்தனை நாள் என்று கேட்கத் தைரியம் வருவதில்லை. இதே நோயோடு பிள்ளையை வைத்துக்கொண்டு, கையில் ஒரு கட்டு ரிப்போர்ட்டோடு, எந்த வரிசையில் நிற்பது என்று புரியாமல் முழிக்கும் யாருக்காவது இது உதவலாம். அதோடு நான் செய்த ஒரு தப்பையும் நானே எழுதிவைத்துவிட வேண்டும்.

எங்களுக்குச் சொந்த ஊர் சாத்தூர் பக்கம். நெய்வேலி நகரியத்தில் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். நான் அனல் மின் நிலையத்தில் தண்ணீர் லேபில் வேலை பார்க்கிறேன். பாய்லருக்குப் போகும் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கிறதா, சிலிக்கா இருக்கிறதா என்று மணிக்கொரு தடவை குழாயைத் திறந்து சாம்பிள் பிடித்து, அளந்து, தாளில் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எல்லை உண்டு. சுவரிலேயே ஒட்டியிருக்கும். அதற்குள் இருந்தால் நிம்மதி, தாண்டினால் போன் அடிக்க வேண்டும். இருபது வருடங்களாக இதைச் செய்து செய்து, உலகத்தில் எல்லாவற்றுக்கும் சுவரில் ஒரு எல்லை ஒட்டியிருக்கும் என்று நம்பிவிட்டேன்.

முதலில் முகத்தில் வந்தது. மூக்குத் தண்டின் இரு பக்கமும் கன்னம் சிவந்து தடித்தது. சைக்கிளில் பள்ளிக்குப் போகிற பிள்ளை, வெயில் பட்டிருக்கும் என்றேன். "காத்துல கரித்தூளு பறக்குது, அதான்" என்றாள் என் மனைவி செல்வி. கற்றாழை தடவினாள். பிறகு தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. தண்ணீர் மாற்றிப் பார்த்தோம். பிறகு விரல் மூட்டெல்லாம் வலிக்கிறது, பேனா பிடிக்க முடியவில்லை என்றாள். பரீட்சை நேரம், சாக்கு சொல்கிறாள் என்று நினைத்தேன். ஒரு நாள் காலையில் கண் இமை வீங்கி, கண்ணே திறக்க முடியாமல் எழுந்து வந்தாள். அன்றைக்குத்தான் பயந்தோம்.

டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் அதிகம் பேசவில்லை. சிறுநீரைச் சோதித்துவிட்டு, அன்றே கடிதம் எழுதி, புதுச்சேரியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். அங்கே போன பிறகுதான் குழப்பம் என்றால் என்ன என்று தெரிந்தது. ரத்தச் சோதனையில் ஏஎன்ஏ பாசிட்டிவ் என்றார்கள். பாசிட்டிவ் நல்லதா? இல்லையாம். சி3 என்று ஒன்று குறைந்திருக்கிறதாம். குறைந்தால் நல்லதுதானே? அதுவும் இல்லையாம். சில எண்கள் ஏறினால் கெடுதல், சில எண்கள் இறங்கினால் கெடுதல். ஒன்றிரண்டு, ஏறினாலும் இறங்கினாலும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார்கள். அப்புறம் எதற்கு எடுத்தீர்கள் என்று வாய் வரை வந்தது.

குழந்தைகள் சிறுநீரகப் பிரிவின் தலைமை டாக்டர் ஒரு அம்மையார். ஐம்பது வயதிருக்கும். அவர்தான் புரியும்படி சொன்னார். நோயின் பெயர் லூபஸ். உடம்புக்குள் கிருமியை விரட்டுவதற்கென்று இருக்கும் காவல் படை, ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த உடம்பையே தாக்குகிறது. "உங்க கேட்ல செக்யூரிட்டி இருப்பாங்கல்ல? வெளியாளை விட்டுட்டு, ஐடி கார்டு போட்டிருக்கற உங்களையே பிடிச்சு அடிச்சா எப்படி இருக்கும்? அப்படி." தோல், மூட்டு, ரத்தம் என்று எங்கே வேண்டுமானாலும் அடிக்கும். தாரணிக்குச் சிறுநீரகத்திலும் அடித்திருந்தது. ரத்தத்தை வடிகட்டும் சல்லடை புண்ணாகி, உடம்பில் நிற்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது. சிறுநீரில் வரும் நுரையும் இமை வீக்கமும் அதனால்தான்.

முதுகுப் பக்கம் ஊசி விட்டு, சிறுநீரகத்திலிருந்து நூல் போல ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்தார்கள். பயாப்ஸி என்பது அதுதான். லேசான பாதிப்பு என்று வந்தது. ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினார்கள். மலேரியாவுக்குக் கொடுக்கும் ஒரு மாத்திரையையும் சேர்த்தார்கள். மலேரியா எங்கிருந்து வந்தது என்று செல்வி என்னைக் கேட்டாள். நான் டாக்டரைக் கேட்டேன். மலேரியா இல்லை, அந்த மாத்திரை லூபஸுக்கும் கேட்கும் என்றார். பெர்மனென்ட் வேலை என்பதால் மருத்துவச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொண்டது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை.

ஸ்டீராய்டு நோயை அடக்கியது. கூடவே தாரணியின் முகத்தையும் மாற்றியது. இரண்டே மாதத்தில் கன்னம் உப்பி, கழுத்து மறைந்து, பழைய போட்டோவோடு ஒட்டவில்லை. வகுப்பில் யாரோ 'பன்னு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியைத் திருப்பிவைத்தாள். நான் நிமிர்த்திவைப்பேன், மறுபடி திரும்பியிருக்கும். "எப்பப்பா மாத்திரையைக் குறைப்பாங்க?" என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. செல்வி அவளுக்காக வீட்டில் எல்லோருக்குமே உப்பைக் குறைத்துவிட்டாள். ஊறுகாய் இல்லாத தயிர்சாதத்தை நானும் ஒரு வருடம் சாப்பிட்டேன்.

எட்டாவது மாதத்தில் டாக்டரம்மா ஒரு ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனைக் கொடுக்கச் சொன்னார். இருபத்து நான்கு மணி நேரச் சிறுநீர் முழுவதையும் அதில் பிடித்துவர வேண்டும். ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு புரதம் ஒழுகுகிறது என்று அதில் தெரியும். குறைந்திருந்தால் ஸ்டீராய்டைக் குறைக்கலாம். நர்ஸ் ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்து, எப்படிப் பிடிப்பது என்று சொல்லத் தொடங்கினார். "சிஸ்டர், நான் லேப் ஆளு, எனக்குத் தெரியும்" என்று சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பிடித்தோம். நான் ஒரு தாளில் கோடு போட்டு, ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று மூன்று கட்டம் வரைந்து குளியலறைக் கதவில் ஒட்டினேன். காலை ஆறிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து பத்து, பத்திலிருந்து மறுநாள் ஆறு. நகரியத்தில் யாரைக் கேட்டாலும் ஒரு நாள் என்றால் இதுதான். ஆறு மணிக்கு முதலில் வந்ததைக் கீழே விடச் சொன்னேன். அது சரிதான், குழாயைத் திறந்ததும் வரும் முதல் தண்ணீரை நாங்களும் பிடிக்க மாட்டோம். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் கேனில். தாரணி வெட்கப்பட்டுக்கொண்டே செய்தாள். ராத்திரி பத்து மணிக்குக் கடைசியாகப் போய்விட்டுத் தூங்கினாள்.

மறுநாள் ஆறு அடித்ததும் கேனை மூடி, லேபிள் ஒட்டி, பையில் வைத்துவிட்டேன். ஆறே காலுக்குத் தாரணி எழுந்தாள். "அப்பா, இதையும் புடிக்கணுமா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். "வேண்டாம்டா, அது இன்னைக்கு ஏ ஷிப்ட் கணக்கு" என்றேன். எங்கள் லேபில் ஆறு மணி ரீடிங்கை சி ஷிப்ட்காரன் எழுத மாட்டான். அது அடுத்த நாளுக்கானது, புதுத் தாளில் வர வேண்டியது. நான் பழக்கதோஷத்தில் யோசிக்கவே இல்லை. இரண்டு பேரும் பஸ் பிடித்துப் புதுச்சேரி போனோம்.

அன்று அங்கே ஒரு இளம் பெண் டாக்டர் எங்களைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். பெயர் நிவேதா. ஆராய்ச்சிக்காகத் தாரணியிடம் இன்னொரு சின்ன டியூப் சிறுநீர் வேண்டும் என்றார். புரதம் ஒழுகுவதை வைத்து மட்டும் எல்லாம் தெரிந்துவிடாதாம். பழைய புண் ஆறித் தழும்பாகிவிட்டாலும் ஒழுகும், புதுப் புண் வந்தாலும் ஒழுகும். இரண்டையும் பிரித்துச் சொல்ல இன்றைக்கு ஊசி விட்டுத் துணுக்கு எடுப்பதுதான் வழி. "ஆனா கிட்னி புதுசா புண்ணாகும்போது, அந்த இடத்துலேர்ந்து சில பொருட்கள் ரொம்பச் சின்ன அளவுல யூரின்ல வரும் சார். வெள்ளணுக்களை அந்த இடத்துக்குக் கூப்பிடற பொருட்கள். அதைத்தான் பயோமார்க்கர்னு சொல்றோம். அதை அளந்தாலே, வீக்கம் தெரியறதுக்கு முன்னாடி, ஊசி இல்லாம, நோய் திரும்புதான்னு சொல்ல முடியுமான்னு பாக்கறோம். பெரியவங்களுக்குக் கொஞ்சம் பாத்திருக்காங்க. குழந்தைகளுக்கு இன்னும் தெளிவாத் தெரியல."

"சரிங்க மேடம், ரிசல்ட் எப்போ வரும்?"

"உங்களுக்கு வராது சார்."

எனக்குப் புரியவில்லை. சாம்பிள் எடுத்தால் ரீடிங் சொல்ல வேண்டும் என்பது என் பிழைப்பு. டியூபை உறைய வைத்துவிடுவார்களாம், நிறையச் சேர்ந்த பிறகு மொத்தமாக அளப்பார்களாம், பெயர் இருக்காது, எண்தான் இருக்கும், சிகிச்சைக்கு இன்னும் பயன்படுத்தக் கூடாதாம். அப்படியென்றால் யாருக்கு லாபம்? "பின்னாடி வர்ற பிள்ளைங்களுக்கு" என்றார். கையெழுத்துப் போட்டேன். தாரணியிடமும் தனியாக ஒரு தாளில் சம்மதம் கேட்டார்கள். "ஊசி இல்லைல்ல?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டு தன் முழுப் பெயரை எழுதினாள்.

கேனின் முடிவு அடுத்த வாரம் வந்தது. புரதம் நன்றாகக் குறைந்திருந்தது. தாரணி என் முழங்கையைப் பிடித்துக் குலுக்கினாள். டாக்டரம்மா மட்டும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மொத்த அளவு கொஞ்சம் கம்மியா தெரியுது. கிரியாட்டினின் கணக்கும் இவ எடைக்குக் குறைவா வருது. முழுசா பிடிச்சீங்களா சார்?" கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும் கழிவு. ஒருநாள் சிறுநீரில் அது குறைந்தால், பிடித்ததில் எங்கோ விட்டுப்போயிருக்கலாம் என்று அர்த்தம். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குச் சுருக்கென்றது.

"மேடம், சாம்பிள் பிடிக்கறதுதான் இருபது வருஷமா என் வேலை. ஒரு சொட்டுகூட விடல."

அவர் தாரணியின் பிரஷரைப் பார்த்தார், காலை அமுக்கிப் பார்த்தார். ரத்தப் பரிசோதனையும் பெரிய மோசமில்லை. ஸ்டீராய்டைக் குறைத்து எழுதி, மூன்று வாரத்தில் வரச் சொன்னார். அன்று பஸ்ஸில் தாரணி ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

உண்மையாகவே முகம் கொஞ்சம் இறங்கியது. கண்ணாடி நேராக நின்றது. ஆனால் மூன்றாவது வாரம் கால் வீங்கியது, விரலால் அமுக்கினால் குழி விழுந்தது. ஓடினோம். இந்தத் தடவை அப்போதே பிடித்த சிறுநீரில் பார்த்தார்கள். புரதம் எக்கச்சக்கம். ரத்தமும் கலந்திருந்தது. உடனே வார்டில் சேர்த்தார்கள்.

டாக்டரம்மா எங்களை வெளியே அழைத்து, "மாத்திரை ஒழுங்கா போடறாளா? இந்த வயசுல முகம் ஊதுதுன்னு சிலபேர் தெரியாம விட்டுடுவாங்க. திட்டாதீங்க, மெதுவா கேளுங்க" என்றார்.

மெதுவாகக் கேட்கும் ஆளா நான்? துணி எடுக்கக் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியவன், அவள் புத்தகப் பையைக் கொட்டினேன். ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். மெத்தையைத் தூக்கினேன். பீரோவுக்குப் பின்னால் டார்ச் அடித்தேன். ஒரு மாத்திரைகூடக் கிடைக்கவில்லை. கிடைக்காததும் என் கோபம் கூடத்தான் செய்தது, கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டாள் என்று முடிவு கட்டினேன். வார்டுக்கு வந்து, சுற்றிலும் ஆள் இருக்கும்போதே கேட்டேன்.

"நான் போட்டேன்பா. தினமும் போட்டேன்."

"அப்ப எப்படி ஏறும்? போன தடவ நல்லா இருந்துச்சுல்ல? சாம்பிள் பொய் சொல்லாது. நீதான் சொல்ற."

"சத்தியமா போட்டேன்பா."

"அவளை விடுங்களேன்" என்று செல்வி என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை. சாத்தூரில் இருக்கும் என் அக்கா அந்த நேரம் பார்த்துப் போன் செய்தாள். கட்டிலுக்கு அருகிலேயே நின்று, "மாத்திரையத் தின்னாம ஏமாத்திருக்காக்கா, அழகு போயிருமாம்" என்றேன். தாரணி போர்வையை இழுத்துத் தலைக்கு மேல் மூடிக்கொண்டாள். மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. குற்றம் செய்தவள் பேசாமல்தான் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் சௌமியா என்று ஒன்பது வயதுப் பெண். அவளுக்கும் புரதம் ஒழுகும் நோய்தான், ஆனால் லூபஸ் இல்லை. அவள் அம்மா அஞ்சலை, கம்மாபுரம் பக்கம். வீட்டுக்காரர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, லீவு போட்டால் சம்பளம் போய்விடும் என்பதால் அவர் வரவில்லை. அஞ்சலை ஒருத்தியாகவே எல்லாம் பார்த்தாள். செல்வி குளிக்கப் போனால் தாரணிக்கும் அவள்தான் காவல். சௌமியாவுக்கு வாங்கும் இட்லியில் தாரணிக்கும் இரண்டு வைப்பாள், உப்பில்லாத சட்னியைத் தனியாகக் கேட்டு வாங்கி.

நான்காம் நாள் காலை. ராத்திரி செல்வி உள்ளே இருப்பாள், நான் வராந்தாவில் படுப்பேன். விடிந்து நான் உள்ளே வந்தபோது அஞ்சலை ஒரு ஐந்து லிட்டர் கேனைத் திறந்து, சௌமியா அப்போதுதான் போன சிறுநீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஆறு தாண்டியிருந்தது. படிப்பறிவு இல்லாதவள், தெரியாமல் செய்கிறாள் என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது.

"அம்மா, அத ஊத்தாதீங்க. ஆறு மணியோட நேத்துக் கணக்கு முடிஞ்சிருச்சு. இது இன்னைக்குக் கணக்கு."

"இல்லிங்க, காலைல எழுந்ததும் வர்றத ஊத்திட்டுதான் மூடணும்னு நர்சம்மா சொன்னாங்க. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு மூணு வாட்டி கேட்டுகினு வந்தங்க."

"முதல் யூரினை விட்டுடணும்னு சொல்லிருப்பாங்க."

"அது நேத்து காலைலங்க. நேத்து காலைல வந்தது, முந்தாநேத்து ராத்திரி பூரா வவுத்துல தங்கிகினு இருந்தது. அத கீழ ஊத்தியாச்சு. இன்னிக்கு காலைல வர்றதுதான் நேத்து ராத்திரி ஊறுனது. இத உட்டுட்டா நேத்து ராத்திரி எங்கங்க போவும்?"

நேற்று ராத்திரி எங்கே போகும். எங்கள் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், ஆறு மணிக்குப் பிடித்தால் அது ஆறு மணித் தண்ணீர். என் மகள் குழாய் இல்லை. பத்து மணிக்குத் தூங்கியவள் உடம்பில் எட்டு மணி நேரம் சேர்ந்ததை, ஒரு முழு சி ஷிப்டை, நான்தான் கீழே விடச் சொன்னேன். பர்ஸில் அந்தத் துண்டுச் சீட்டு மடித்தபடியே இருந்தது. பிரித்துப் பார்த்தேன். மறுநாள் காலை முதல் சிறுநீரையும் சேர்க்க வேண்டும் என்று நல்ல தமிழில், கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

கீழே போய் டீ வாங்கினேன், குடிக்கவில்லை. மறைக்காமல் எழுதுகிறேன்: சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன என்று யோசித்தேன். கேன் எப்போதோ கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. டாக்டர் பழைய அளவுக்கே ஸ்டீராய்டை ஏற்றப்போகிறார், வீக்கம் இறங்கிவிடும், எல்லோரும் மறந்துவிடுவார்கள். தாரணிக்கு ஒரு கெட்ட பெயர், அவ்வளவுதான், சின்னப் பிள்ளைக்குப் பெயர் கெட்டால் என்ன, வளர்ந்தால் போய்விடும். இப்படியெல்லாம் ஒரு அப்பன் யோசிப்பானா என்று கேட்காதீர்கள். யோசித்தேன். மேலே ஏறிவந்து அவள் தூங்குவதைப் பார்த்தேன். தூக்கத்திலும் எனக்கு எதிர்ப்பக்கம்தான் திரும்பியிருந்தாள்.

ரவுண்ட்ஸ் வந்தபோது டாக்டரம்மாவின் பின்னாலேயே போய், வராந்தாவில் வைத்துச் சொன்னேன். சீட்டையும் காட்டினேன். ஏ ஷிப்ட், சி ஷிப்ட் என்று நான் உளறியது முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் சீட்டை வாங்கி ஒரு தடவை படித்தார்.

"அப்போ மாத்திரையைக் குறைக்கறதுக்கு முன்னாடியே கசிவு இருந்திருக்கு. முழு டோஸ்லயே."

"தப்பு என்னோடது மேடம். புள்ள மாத்திரை எல்லாம் போட்டிருக்கா."

"அதுதான் சார் முக்கியம். அவ மாத்திரை விட்டுட்டான்னு நெனச்சு, பழைய டோஸையே குடுத்து ஒரு மாசம் பாக்கலாம்னு இருந்தேன். ஒழுங்கா போட்டும் ஏறியிருக்குன்னா அந்த மருந்து பத்தலைன்னு அர்த்தம். ஒரு மாசத்தைச் சும்மா விட்டிருப்போம்." பிறகு, "அன்னைக்கு எனக்கும் சந்தேகம் இருந்தது. இன்னொரு தடவ டெஸ்ட் பண்ணிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, நாளைக்கே பயாப்ஸி என்று கேஸ் ஷீட்டில் எழுதினார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மதியம் ஆராய்ச்சி டாக்டர் நிவேதாவைத் தேடிப் போனேன். அன்று தாரணியிடம் பிடித்த அந்தச் சின்ன டியூபில் உண்மை இருந்திருக்குமே என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இப்போதாவது அளந்து சொல்ல முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். இன்னும் அளக்கவே இல்லை, அளப்பவருக்கு அது யாருடையது என்றே தெரியாது, அந்த அளவை நம்பலாமா என்று கண்டுபிடிக்கத்தான் இந்த ஆராய்ச்சியே என்றார்.

"ஆனா நீங்க சொன்னது ரொம்ப நல்லது சார். அந்த டியூபுக்கு எதிரே, அன்னைக்கு நோய் அடங்கியிருந்ததுன்னு எழுதி வச்சிருக்கோம். உங்க கேன் ரிசல்ட்டை வச்சுத்தான். டியூப் 'புண் இருக்கு'ன்னு சரியாச் சொல்லியிருந்தாலும், டியூப்தான் தப்புன்னு நாங்க முடிவு பண்ணியிருப்போம்."

இது மட்டும் எனக்கு உடனே புரிந்தது. எங்கள் லேபில் மீட்டரைச் சரிபார்க்க அளவு தெரிந்த ஒரு கரைசல் வைத்திருப்போம். அந்தக் கரைசலே கெட்டுப்போயிருந்தால் நல்ல மீட்டரைத் தூக்கிக் குப்பையில் போடுவோம். அவர் கணினியில் தாரணியின் எண்ணுக்கு எதிரே இருந்த வரியைத் திருத்துவதை நின்று பார்த்துவிட்டு வந்தேன். என் ஒரு பொய்யான 'ஒரு சொட்டுகூட விடல' எத்தனை பிள்ளைகள் வரை போயிருக்கும் என்று வழியெல்லாம் யோசித்தேன்.

மறுநாள் பயாப்ஸி முடிந்து தாரணியை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். ரத்தம் கசியாமல் இருக்க ஆறு மணி நேரம் மல்லாந்து அசையாமல் படுத்திருக்க வேண்டும். செல்வியிடம் முந்தின நாளே சொல்லிவிட்டேன். அவள் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள், பிறகு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். இப்போது தாரணி திரும்பிப் படுக்க முடியாது, போர்வையை இழுத்து மூடவும் முடியாது. அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்கிறோமே என்று கூச்சமாக இருந்தது. என்றாலும் ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சொன்னேன். கேன், கடிகாரம், ஆறே காலுக்கு அவள் உள்ளேயிருந்து கேட்டது, நான் வேண்டாம் என்றது, எல்லாம்.

அவள் மின்விசிறியைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும், "அப்போ முகம் இறங்குனது?" என்றாள்.

"மாத்திரையக் குறைச்சதால."

"குறைச்சிருக்கவே கூடாது. அப்படித்தானே?"

"ஆமாடா."

கண்ணிலிருந்து இரண்டு பக்கமும் காதுக்குள் வழிந்தது. துடைக்கக் கை கொண்டுபோனேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

ரிப்போர்ட் இரண்டு நாளில் வந்தது. நான்காம் வகுப்பு என்றார்கள். சிறுநீரகத்தில் லூபஸ் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கு அது ஒரு கணக்கு, பள்ளி மாதிரி ஏற ஏற நல்லது என்றில்லை. பாதிக்கு மேல் சல்லடைகள் புண்ணாகியிருந்தன. ஆனால் பெரும்பாலும் புதுப் புண், தழும்பு மிகக் கொஞ்சம். இப்போதே பிடித்தால் ஆறும் என்றார் டாக்டரம்மா. இன்னும் ஒரு மாதம் போயிருந்தால்? "அது ஏன் சார் இப்போ" என்றார். மூன்று நாள் நரம்பு வழியாக ஸ்டீராய்டு, அதோடு இன்னொரு வலுவான மருந்து. முகம் மறுபடி ஊதும் என்று தாரணியிடம் அவரே உட்கார்ந்து சொன்னார். "தெரியும் டாக்டர்" என்றாள்.

முதல் பாட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டாள். ஆறு நாளைக்குப் பிறகு அவளாக 'அப்பா' என்றது அதுதான்.

"அப்பா, அத்தைக்குப் போன் போடுங்க."

"எதுக்குடா? சாயங்காலம் பேசிக்கலாம்."

"இப்ப போடுங்க. ஸ்பீக்கர்ல."

சுற்றிலும் பார்த்தேன். அஞ்சலை சௌமியாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். எதிர்க் கட்டிலில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்த நர்ஸ், அன்று நான் கத்தியபோதும் அங்கேதான் இருந்தார். செல்வி என் பக்கம் பார்க்கவே இல்லை. போனைப் போட்டேன்.

"என்ன தம்பி, எப்படி இருக்கா? இப்பவாச்சும் மாத்திரைய ஒழுங்கா முழுங்குறாளா? நீ கொஞ்சம் கண்டிச்சு வைக்கணும்ப்பா, பொம்பளப் புள்ள…"

"அக்கா, அவ ஒரு மாத்திரைகூட விடல. எல்லாத்தையும் ஒழுங்காத்தான் போட்டா. யூரினைத் தப்பாப் புடிச்சது நான். அதனாலதான் எல்லாம் ஆச்சு. அவமேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் அவளப் பத்தி உங்ககிட்ட தப்பாச் சொன்னேன்."

அஞ்சலையின் சீப்பு பாதியில் நின்றிருந்தது. தாரணி ஊசி குத்திய கையை அசைக்காமல், மறு கையால் போனைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துவைத்துக்கொண்டாள்.

"கேக்கலப்பா. இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன்.